ஆழத்தில் விழும் கோடு

ஏப்ரல் 15

தடைக்காலம் தொடங்கிவிட்டது. இனி அறுபத்தோரு நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் படகுகளைப் பக்கம் பக்கமாகக் கட்டிப் போட்டிருக்கிறார்கள். ஒன்றிலிருந்து ஒன்றுக்குக் கால் வைத்தே அக்கரைக்குப் போய்விடலாம் போலிருந்தது.

தேசிங்கு இறங்கி வந்தான். பதினோரு நாள் கடல். கையில் துணிப்பை, உடம்பெல்லாம் டீசல் வாடை.

"சுடரு, கிட்டார் உயிரோட இருக்குதா?"

இருக்கிறது. என் கட்டிலுக்கு அடியில். வாரத்துக்கு ஒருமுறை எடுத்துத் துடைத்தேன். அப்படியும் கம்பிகளில் துரு.

எங்கள் இசைக்குழுவின் பெயரும் தடைக்காலம்தான். தேசிங்கு விசைப்படகில் எஞ்சின் டிரைவர். வருடத்தில் இந்த அறுபத்தோரு நாள்தான் எங்களுக்கு லீட் கிட்டார் உண்டு.

அம்மா சொன்ன வேலைகள்: தண்ணீர்த் தொட்டி கழுவுவது, சிலிண்டர் பதிவது. கல்லூரி சொன்ன வேலை: நாற்பத்திரண்டு இன்டர்னல் தாள்களைத் திருத்துவது. எதிலும் கை வைக்கவில்லை.

ஏப்ரல் 17

அமலோர் அண்ணாவின் மெக்கானிக் ஷெட். முன்பக்கம் படகு எஞ்சின்கள். பின்பக்கம் அவருடைய டிரம்ஸ், அதன் வெண்கலத் தட்டுகள், என்னுடைய பேஸ் கிட்டார், தேசிங்கின் ஆம்ப். சுவரில் மாதா படம். அதற்குக் கீழே ஸ்பானர்கள் அளவு வரிசையில்.

ஒரு பாட்டு முடிந்ததும் தேசிங்கு திரும்பினான்.

"அமலோர்ணா, தட்டு செத்துப்போச்சா? சத்தமே வரல."

"எந்தத் தட்டுடா?"

"பெரிய தட்டு. துணி போட்டு மூடி அடிச்ச மாதிரி இருக்குது."

"போன மாசம்தான்டா பாண்டி பூரா அலைஞ்சி வாங்குனேன். உன் காதுலதான் நண்டு குடியேறிடுச்சி. வாடக வாங்கு அதுங்கிட்ட."

சிரித்தோம். தேசிங்கும் சிரித்தான். பிறகு ஆம்ப்பில், உயர்ந்த சத்தங்களை ஏற்றும் டிரெபிள் குமிழைத் திருகினான். போன வருடம் ஏழில் வைப்பான். இன்று பத்து. அதற்கு மேல் குமிழ் திரும்பாது.

வந்த சத்தம் ஊசி. பல் கூசியது. எனக்குப் பிடித்தது. இந்த வருடம் எங்கள் இசைக்கு ஒரு கத்தி முளைத்திருக்கிறது என்று எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 20

பெங்களூர்க்காரர் ஒருவருக்குக் குழுவைப் பற்றி அரைப்பக்கம் எழுதி அனுப்ப வேண்டும். எப்படித் தொடங்கியது என்று கேட்கிறார்.

எப்படி? மூன்று வருடம் முன்பு. நான் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. இரண்டாம் ஆண்டு. ஊருக்குத் திரும்பிய ஒரு அறைத்தோழி, தூக்க முடியவில்லை என்று தன் பேஸ் கிட்டாரை என்னிடம் விட்டுப் போனாள். ஒரு சாயங்காலம் கடற்கரைப் பக்கம் போனபோது அமலோர் அண்ணாவின் ஷெட்டுக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. யாரோ கிட்டாரை வேகவேகமாக அடித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சுரத்துக்குப் பின்னாலும் ஈரமான எதிரொலி. உள்ளே எட்டிப் பார்த்தேன். லுங்கி கட்டிய ஒருவன்.

தேசிங்கு வைத்திக்குப்பத்துப் பையன். பதினேழு வயதில் அலைச்சறுக்குப் பள்ளி ஒன்றில் பலகை தூக்கும் வேலை பார்த்திருக்கிறான். அங்கே ஒலிபெருக்கியில் நாள் முழுக்க சர்ஃப் இசை, பாடகர் இல்லாமல் வெறும் கிட்டாரும் டிரம்ஸும். பலகையில் ஏறி நிற்கப் பழகியதும் அங்கே, கிட்டார் பிடிக்கப் பழகியதும் அங்கே. "வார்த்தையே இல்ல சுடரு. அதனால எந்த ஊரு பாட்டுன்னு கேக்க வேணாம்பாரு. அலையில நிக்கறப்ப கால்ல ஒரு நடுக்கம் வரும். அதேதான் அந்தப் பாட்டுல வருது."

எதிரொலிக்கென்று விற்கும் பெட்டி எங்களுக்கு எட்டாதது. அமலோர் அண்ணா தகரப் பெட்டிக்குள் மூன்று ஸ்பிரிங்கைக் கட்டி ஒன்று செய்தார். காலால் உதைத்தால் இடி இடிக்கும். முதல் இரண்டு பாட்டுகளை மூடிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரியில் ஒரு மைக் வைத்துப் பதிவு செய்தோம். இணையத்தில் போட்டோம். யாரோ பிரேசிலில் கேட்டார்கள்.

நாங்கள் பாட்டு எழுதும் முறையை அந்த அரைப்பக்கத்தில் சேர்க்கவில்லை. அது எங்களுடையது. தேசிங்குக்குச் சுரக்குறிப்பு தெரியாது. படகில் எக்கோ என்று ஒரு திரை இருக்கிறதாம். கடலின் தரை எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று கோடாகக் காட்டும். படகின் தலைவரான ஸ்ராங்கு தூங்கப் போகும்போது சுக்கானையும் எக்கோவையும் இவன் பார்த்துக்கொள்வான். பாட்டையும் அப்படியே வரைகிறான். கோடு ஏறினால் சுரம் ஏறும். இறங்கினால் இறங்கும். வெட்டி விழுந்தால் ஒரேயடியாகக் கீழே. நாற்பது பக்க நோட்டு முழுக்கக் கோடுகள். அதைப் படிக்க அவன்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தான். ஒரு வாரம் ஆயிற்று.

"எம்.ஏ. படிச்ச பொண்ணு, ஒரு கோடு படிக்க ஒரு வாரமா?" என்றார் அமலோர் அண்ணா. அன்றிலிருந்து நான் புரொஃபசரம்மா.

ஏப்ரல் 26

பெங்களூர் ரிஷப் பதில் போட்டிருக்கிறார். சின்ன ரெகார்டு கம்பெனி நடத்துகிறவர். ஜூன் 6 அன்று அவர்களுடைய திறந்தவெளி விழாவில் வாசிக்கக் கூப்பிடுகிறார். நன்றாக அமைந்தால் ஒரு முழு ரெகார்டு. புதிதாக அனுப்பிய பதிவில் கிட்டாரின் கூர்மை தன்னைத் தூங்கவிடவில்லையாம். யார் சொன்னாலும் அதை மழுக்க வேண்டாமாம்.

மூன்று முறை படித்தேன். அம்மாவிடம் காட்டினேன். "பெங்களூரா, யார் வீட்டுல தங்குவ?" என்றாள்.

ஏப்ரல் 29

தாள்கள் பதினேழு முடிந்தன. பவர்கட்.

மே 4

ஷெட்டில் தேசிங்கின் செல்போன் அடித்தது. அவன் பக்கத்திலேயே, எண்ணெய் டின் மேல். முழுதாக அடித்து ஓய்ந்தது. மறுபடி அடித்தது. நான் எடுத்துக் கையில் கொடுத்தேன்.

"சைலண்ட்ல கெடந்துது போல" என்றான்.

மேடையில் நான் எப்போதும் அவனுடைய வலதுபுறம் நிற்பேன். ஷெட்டிலும் அப்படித்தான். இரண்டு வருடம் முன்பு அவனே என்னைப் பிடித்து அங்கே நகர்த்தினான். அதை வேறு மாதிரி அர்த்தப்படுத்திக்கொண்டு நான் சில நாள் சந்தோஷமாக இருந்தேன்.

மே 9

காலையில் தேசிங்கு பலகையோடு கடலில். நான் கரையில் தாள்களோடு. வெளிக்கடலிலிருந்து, தடைக்கு உட்படாத சின்ன ஃபைபர் படகு ஒன்று வந்தது. விசில் அடித்தார்கள். கத்தினார்கள். நானும் எழுந்து ஓடிக் கத்தினேன். அவன் படகுக்கு முதுகு காட்டி, பலகையில் குப்புறப் படுத்து, அடுத்த அலைக்காகக் காத்திருந்தான்.

படகுக்காரர் கடைசி நொடியில் திருப்பினார். பலகையின் நுனி உடைந்தது. அவனுக்கு ஒன்றும் இல்லை.

"செவுடா நீ? ஒங்கப்பன் பேர் இன்னாடா?" என்று அவர் கத்தியது எனக்குக் கேட்டது. தேசிங்கு பெயரைச் சொல்லவில்லை. உடைந்த துண்டைத் தேடிக்கொண்டிருந்தான்.

செவ்வாய்க்கிழமை காது டாக்டரிடம் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன். "நீயும் வா. அங்க எல்லாம் இங்கிலீசுல கேப்பாங்க" என்றான்.

மே 12

கிளினிக். கண்ணாடிக் கூண்டுக்குள் தேசிங்கை உட்கார வைத்துக் காதில் ஹெட்ஃபோன் மாட்டினார்கள். சத்தம் கேட்கும்போதெல்லாம் கை தூக்க வேண்டும். வெளியே இருந்து பார்த்தேன். முதலில் அடிக்கடி தூக்கினான். பிறகு வெகு நேரம் தூக்கவில்லை. பரிட்சையில் பதில் தெரியாத பையன் போல சோதனை செய்த பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் வடக்கேயிருந்து வந்தவர். தமிழ் வராது. என் கண்ணாடியைப் பார்த்தாரோ என்னவோ, முழுக்க என்னிடமே பேசினார். ஒன்பது நிமிடம். மேசைமேல் ஒரு தாள். அதில் ஒரு வரைபடம். தேசிங்கு எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

வெளியே வந்ததும் கேட்டான். "இன்னா சொன்னாரு?"

பஸ் ஒன்று போனது. அது போகட்டும் என்று காத்திருந்தேன். அவனுடைய வலதுபுறம் போய் நின்றேன்.

"இன்ஃபெக்ஷன். தண்ணி உள்ள போய்த் தங்கியிருக்கு. சொட்டு மருந்து போட்டா சரியாயிடும்."

"அவ்ளோதானா? அவ்ளோ நேரம் பேசுனாரு?"

"இங்கிலீஷ்ல எல்லாமே நீளம்."

சிரித்தான். மெடிக்கலில் நானே ஒரு சொட்டு மருந்து வாங்கிக் கொடுத்தேன். காது அழுக்கை இளக்குவது. கெடுதல் இல்லாதது. டாக்டர் கொடுத்த தாளில் அது இல்லை. தாளை அவனே மடித்து வைத்துக்கொண்டான்.

ஜூன் 6க்கு இருபத்தைந்து நாள் இருக்கிறது. அதற்குப் பிறகு சொல்லலாம். சொல்லப் போகிறேன்.

மே 13

தொட்டி கழுவினேன்.

மே 16

வேளை தவறாமல் போடுகிறான். நாங்கள் டீ குடிக்கும்போது தலையைச் சாய்த்து ஷெட் பெஞ்சில் படுத்துக்கொள்கிறான். அமலோர் அண்ணா சொட்டு விடுகிறார், பேரிங்குக்கு எண்ணெய் விடுவதுபோல, ஒரு கண்ணை மூடிக்கொண்டு.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. எந்திரிக்காதடா, கசியும்."

"கூசுதுண்ணா."

"கூசட்டும். நண்டு செத்து வெளிய வரணும்ல."

நான் டீ கிளாஸ்களைக் கழுவ எடுத்துக்கொண்டு போனேன்.

மே 19

குழாயில் தண்ணீர் வரவில்லை. அம்மாவுக்கு என்மேல் கோபம். காரணம் ஏதோ ஜாதகம்.

மே 23

இன்று புதுப் பாட்டு. பெயர் கச்சான். கோடைக்காலத்து மேல்காற்றின் பெயர். விழாவில் கடைசியாக வாசிக்கப் போவது. முடிவு திட்டமில்லாதது. தேசிங்கு எவ்வளவு சுற்று வேண்டுமானாலும் வாசிக்கலாம். அமலோர் அண்ணாவுக்குப் போதும் என்று தோன்றும்போது பெரிய தட்டின் நடுக்குமிழில் மூன்று அடி. டிங் டிங் டிங். மூன்றாவதோடு எல்லோரும் நிறுத்த வேண்டும். பதினோரு முறை பார்த்தோம். பதினோரு முறையும் கத்தரியால் வெட்டியதுபோல நின்றது.

தேசிங்கு அமலோர் அண்ணாவின் கையையே பார்த்துக்கொண்டு வாசித்தான். அதை நான் கவனித்தேன். கவனித்தேன் என்று எழுதுவது வரைக்கும் என்னால் முடிகிறது.

போகும்போது சொன்னான். "இப்ப கொஞ்சம் தேவல சுடரு. காலையில குருவி சத்தம் கேட்ட மாதிரி இருந்துது."

மே 27

சொல்வதற்காகவே போனேன். வைத்திக்குப்பத்தில் அவன் வீட்டு வாசலில் வலை காய்ந்துகொண்டிருந்தது. அவன் அம்மா தனகோடி அம்மாள் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்து கால் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாம்மா. காதுக்கு நீதான் இட்டுக்கினு போனியாமே. நல்லாருப்ப. இவன் அப்பனுக்கும் இப்படித்தான். கடைசியில என்னைக் கையக் காட்டித்தான் கூப்புடுவாரு. அவருக்கு ஆரு இருந்தா, டாக்டராண்ட இட்டுக்கினு போவ."

குழம்பு ஊற்றிச் சோறு போட்டார். சாப்பிட்டேன். சங்கரா மீன். முள் எடுத்து எடுத்து வைத்தேன். தேசிங்கு எதிரில் உட்கார்ந்து விழாவுக்கு எந்தச் சட்டை போடுவது என்று கேட்டான்.

நீலம் என்றேன்.

திரும்பி வரும் வழியில் நியாயங்கள் தயாராக இருந்தன. பத்து நாளில் புதிதாக என்ன கெட்டுவிடும். அவன் வாழ்க்கையில் இப்படி ஒரு மேடை வந்ததில்லை. சொன்னால் பயந்து கிட்டாரைத் தொட மாட்டான். எல்லாம் அவனுக்காக. நான் படித்த நாவல்களில் இப்படி யோசிக்கிறவர்களை நான் ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டுக் குறித்திருக்கிறேன்.

ஜூன் 3

ரயில் டிக்கெட் உறுதியாகிவிட்டது. ஸ்பிரிங் பெட்டிக்குத் தனியாகத் தலையணை உறை தைத்தேன். அமலோர் அண்ணா ஷெட்டில் போர்டு எழுதி மாட்டியிருக்கிறார்: 'மூன்று நாள் விடுமுறை. எஞ்சின் நின்றால் துடுப்பு போடவும்.'

ஜூன் 6

பெங்களூர். நாலு மணி. மேடைக்கு நேரெதிரே சூரியன்.

எண்ணூறு பேர் இருக்கலாம். எங்கள் முதல் பாட்டிலேயே முன்வரிசை ஆடத் தொடங்கியது. பாட்டுகளுக்கு நடுவில் அமலோர் அண்ணா மைக்கில், "நாங்க பாண்டிச்சேரி. மீன் புடிக்கக் கூடாதுன்னா பாட்டு போடுவோம்" என்றார். யாருக்கும் புரிந்திருக்காது. கைதட்டினார்கள்.

தேசிங்கு நீலச் சட்டை. அவனை அப்படி நான் பார்த்ததில்லை. ஒரு கால் ஸ்பிரிங் பெட்டிமேல். அதை உதைக்கும்போதெல்லாம் மைதானத்தில் இடி விழுந்தது.

கச்சான்.

டிரம்ஸ் எங்களுக்குப் பின்னால், உயரத்தில். ஷெட்டில் அது அவனுக்கு எதிரில் இருக்கும். இதை ஒருவரும் யோசிக்கவில்லை. நான் யோசித்திருக்க வேண்டியவள்.

டிங் டிங் டிங்.

நான் நிறுத்தினேன். அமலோர் அண்ணா நிறுத்தினார். தேசிங்கு நிறுத்தவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தான். தனியாக. ஆம்ப்பும் ஸ்பிரிங் பெட்டியும் எழுப்பிய இடிக்கு அடியில் இன்னும் நாங்கள் இருப்பதாக நினைத்து, எங்களுக்கு இடம் விட்டு விட்டு வாசித்தான். முப்பது நொடி. நாற்பது. கூட்டம் அமைதியானது. பிறகு கத்தத் தொடங்கியது. அது முடிவின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள்.

நான் போய் அவன் கையைத் தொட்டேன். கண்ணைத் திறந்தான். என் கைகள் பேஸ்மேல் இல்லை. திரும்பிப் பார்த்தான். அமலோர் அண்ணாவின் குச்சிகள் மடியில் இருந்தன.

அவன் முகத்தை எழுத முயன்று அடித்துவிட்டேன்.

பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டான்.

ஜூன் 7

ரயில். ஜன்னலோரம் அவன்.

"எவ்ளோ நேரம் வாசிச்சேன்?"

"கொஞ்ச நேரம்."

"நீங்க நிறுத்துனப்புறம் கேக்கறேன்."

"நல்லாத்தான் இருந்துச்சு தேசிங்கு. எல்லாரும் எப்படிக் கத்துனாங்க பாத்தல்ல."

"பாத்தேன்" என்றான்.

விழுப்புரம் வந்தது. அமலோர் அண்ணா வடை வாங்கிக் கொடுத்தார். கையில் வைத்திருந்து ஆறவிட்டான்.

இன்று அவன் சொட்டு மருந்து போட்டுக்கொள்ளவில்லை.

ஜூன் 10

ரிஷப் எழுதியிருக்கிறார். ரெகார்டு உறுதி. எல்லோரும் நிறுத்திய பிறகு கிட்டார் மட்டும் தனியாகப் போன அந்த முடிவு அப்படியே வேண்டுமாம். அதைக் கண்டுபிடித்தது யார் என்று கேட்கிறார்.

மதியம் அமலோர் அண்ணா வீட்டுக்கே வந்துவிட்டார். கையைக்கூடக் கழுவவில்லை. வாசலில் நின்றபடியே பேசினார்.

"காலையில வந்தான். முதுகைக் காட்டி நின்னுக்கினு, அண்ணா, தட்டுல அடி, கேட்டா கை தூக்கறேன்னான். பத்து தடவ அடிச்சேன். மூணு தடவ தூக்குனான். அந்த மூணும் குருட்டாம்போக்குல தூக்குனது. டாக்டராண்ட நீதான போன? இன்னா சொன்னாரு?"

சொன்னேன். எல்லாவற்றையும்.

அவர் பழந்துணியால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார்.

"அப்ப நான் அவன் காதுல வுட்டது?"

"அழுக்கு எடுக்கற மருந்து. வேற ஒண்ணும் இல்ல" என்றேன்.

"மூணு வேள. என் கையால." துணியை மடித்துப் பையில் வைத்தார். "அவங்கிட்ட நீயே சொல்லு, சுடர்க்கொடி. நான் சொல்லமாட்டேன்."

முழுப் பெயரைச் சொல்லி அவர் என்னை இதுவரை கூப்பிட்டதில்லை.

ஜூன் 12

தாள்கள் எல்லாம் திருத்தி ஒப்படைத்தாகிவிட்டது. இரண்டு பேர் ஃபெயில். மறுபடி கூட்டிப் பார்த்தேன். ஃபெயில்தான்.

ஜூன் 14

கடைசி நாள். துறைமுகம் முழுக்கக் கற்பூர வாசனை. படகுகளுக்கு மஞ்சள் குங்குமம், வாழைக்கன்று. ஐஸ் உடைத்துக் கொட்டிக்கொண்டிருந்தார்கள். விடிந்தால் கடல்.

தேசிங்கு படகின் ஓரத்தில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"ஒண்ணு சொல்லணும்" என்றேன்.

"இந்தப் பக்கம் வா." வலதுபுறத்தைத் தட்டினான்.

உட்கார்ந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவன் துணிப்பையிலிருந்து பாட்டு நோட்டை எடுத்தான். கடைசியாக எழுதிய பக்கத்தைத் திறந்தான். உள்ளே நாலாக மடித்த கிளினிக் தாள். அதற்கு எதிர்ப்பக்கத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அவன் வரைந்த ஒரு கோடு. இரண்டும் ஒன்றே. ஒரே கோடு.

"அன்னிக்கி அங்க உக்காந்திருந்தப்பவே பாத்தேன். நம்ம எக்கோ கோடுதான இது? இது வரைக்கும் தரை சமமா வருது. இங்க வந்ததும் வெட்டி விழுந்துடுது. ஒரு காது இங்க. இன்னொரு காது அதுக்கும் கீழ." விரலால் தடவிக் காட்டினான். "வூட்டுக்குப் போய் இதை நோட்டுல எறக்குனேன். வாசிச்சிகூடப் பாத்தேன்."

"தெரிஞ்சிருந்தா ஏன் கேக்கல?"

"நீதான் தண்ணின்னு சொன்னியே. படிச்ச பொண்ணு. சரி, எக்கோ வேற, இது வேறயாட்டம் இருக்குதுன்னு வுட்டுட்டேன். சொட்டு வுட்டுக்கினேன். குருவி சத்தம்கூடக் கேட்டுச்சி. பெங்களூர்ல கண்ண தொறந்தேன் பாரு. அப்பதான் நான் படிச்சதே சரின்னு தெரிஞ்சிது."

தாளை என் மடியில் வைத்தான்.

"இப்ப படி. அதுல இருக்கறத அப்படியே படி."

படித்தேன். ஒவ்வொரு வரியாகத் தமிழில். இரண்டு காதிலும் உயர்ந்த சத்தங்களுக்கான நரம்பு கெட்டுவிட்டது. இடது மோசம். காரணம் வருடக்கணக்கான இரைச்சல். போனது திரும்பாது. மருந்து இல்லை. எஞ்சின் பக்கத்திலும் ஒலிபெருக்கிப் பக்கத்திலும் இனி நிற்கக் கூடாது. இன்றே நிறுத்தினால் மிச்சம் இருப்பது இருக்கும்.

"இன்னைக்கேன்னா எந்த இன்னைக்கு?"

"மே பன்னண்டு."

விரல் விட்டு எண்ணினான். ஒரு கை, இன்னொரு கை, மறுபடி.

"முப்பத்திமூணு நாளு. ஆம்ப்ப பத்துல வச்சி வாசிச்சேன்." குரலில் கோபம் இல்லை. கூட்டிப் பார்த்து விடை சொல்வதுபோலச் சொன்னான். "ஏன் சுடரு?"

ஏன் என்பதற்கு நான் வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் எழுதுவதற்கு நன்றாக இருந்தவை.

"அந்தச் சத்தம் எனக்கு வேணும்னு இருந்துச்சு" என்றேன். "உனக்குக் கேக்காம நீ ஏத்தி வச்ச சத்தம். அதைத்தான் எல்லாரும் நல்லாருக்குன்னாங்க."

அவன் தண்ணீரைப் பார்த்தான். டீசல் படலம் மினுங்கியது.

"எனக்கும் வேணும்னுதான் இருந்துது. என்னைக் கேட்டிருந்தா நான்கூட வாசிக்கலாம்னு சொல்லியிருப்பேன்."

"மன்னிச்சுடு."

"நீ தண்ணின்னு சொன்ன பாரு, அதை எந்தக் காதுல சொன்ன தெரியுமா? இந்தக் காதுல." வலது காதைத் தொட்டான். "நல்லா கேட்டுச்சி."

ஸ்ராங்கு சுக்கான் அறையிலிருந்து அவனைக் கூப்பிட்டார். இரண்டு முறை. நான் அவன் தோளைத் தொட்டுக் காட்டினேன். எழுந்தான்.

"போகாத."

"நாளைக்கு எஞ்சினுக்கு வேற ஆளு கிடையாது. ஆறு பேரு என்னை நம்பி ஏறியிருக்காங்க. இந்த ஒரு டிரிப்பு. வந்ததும் வேற ஆளு பாக்கச் சொல்லிடறேன்."

காலையில் மெடிக்கலில் வாங்கிய காதடைப்பு பையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன். பஞ்சுபோல இருந்ததை அழுத்திப் பார்த்தான்.

"டாக்டர் எழுதிக் குடுத்ததா? நீயா வாங்குனதா?"

"நானா வாங்குனது."

இரண்டு காதிலும் வைத்து அடைத்துக்கொண்டான். நோட்டை என் கையில் கொடுத்துவிட்டு எஞ்சின் அறைக்குள் இறங்கினான். என்ன சொன்னாலும் இனி அவனுக்குக் கேட்காது.

ஜூன் 15

படகுகள் போய்விட்டன. துறைமுகம் காலியான தட்டுபோல இருக்கிறது.

ரிஷப்புக்கு எழுதினேன். அந்த முடிவை யாரும் கண்டுபிடிக்கவில்லை என்று. ரெகார்டு இல்லை என்று.

ஷெட்டுக்குப் போனேன். அமலோர் அண்ணா ஒரு எஞ்சினைப் பிரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. ஆனால் டீ இரண்டு சொன்னார். தேசிங்கின் ஆம்ப் டிரெபிள் பத்திலேயே நின்றது. அதைத் தொடவில்லை.

பேஸை எடுத்துக்கொண்டு நோட்டைத் திறந்து வைத்தேன். சத்தம் குறைவாக. அவனுடைய அந்தக் கடைசிக் கோட்டைப் படித்து வாசித்தேன். முதலில் சமமாக வந்தது. கொஞ்ச தூரம் நன்றாகவே இருந்தது. பிறகு இறங்கத் தொடங்கியது. நானும் இறங்கினேன், ஒவ்வொரு கம்பியாக, தடித்த கம்பி வரை, அதையும் அழுத்தாமல் வெறுமனே மீட்டும் இடம் வரை.

பேஸில் அதற்குக் கீழே சுரம் இல்லை. கோடு இன்னும் கீழே போகிறது.